அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

நீடாமங்கலம் பக்கம் ஒருவர் ரோட்டில் அடிபட்டு இறந்தால், மறுநாள் காலைக்குள் அந்தச் சாவைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று பேப்பரில் வரும்: ‘எதிர்பாராதவிதமாக மோதியதில் பலத்த காயமடைந்து சம்பவ இடத்திலேயே உயிரிழந்தார், போலீசார் வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகின்றனர்.’ இன்னொன்று முதல் தகவல் அறிக்கையில் இருக்கும்: ‘வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதி விபத்தை ஏற்படுத்தி…’ பேப்பர்காரருக்கு அது யாரும் எதிர்பாராதது. போலீசுக்கு அது ஒருவர் செய்த குற்றம். நிருபருக்குத் தகவல் கிடைத்ததே ஸ்டேஷனிலிருந்துதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் இரண்டு பேச்சு வந்திருக்கிறது. மோதியதைக் கண்ணால் பார்த்தவர் இந்த இரண்டையும் எழுதவில்லை.

பேப்பர் வாக்கியம் மறுநாள் வடை மடிக்கப் போய்விடும். எஃப்.ஐ.ஆர். வாக்கியம் பத்து வருஷம் உயிரோடிருக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் கட்டில் உட்காரும், கடைசியில் டெல்லியில் அச்சாகும் வருடாந்திரப் புள்ளிவிவரத்தில் ஒரு எண்ணாகக் கரையும். நம் ஊர்ப் போலீஸ் சாலைச் சாவுகளை எப்படி விசாரிக்கிறது என்று கேட்பவர், முதலில் இந்த வாக்கியம் எப்படிப் பிறக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நீடாமங்கலம் ரோட்டால் உண்டான ஊர். தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரம் வழிப்போக்கர்களுக்காக எழும்பியது. ஊருக்கே யமுனாம்பாள்புரம் என்று ஒரு பழைய பெயர் உண்டு. இன்றும் தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலையும், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. குறுக்கே ரயில்வே கேட். ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயிலுக்கு என்ஜினை மாற்றும்போது கேட் மூடினால், இரண்டு பக்கமும் பஸ்சும் லாரியும் ஆம்புலன்சும் வரிசைகட்டி நிற்கும். கேட் திறந்ததும், இழந்த நேரத்தைப் பிடிக்க எல்லோரும் ஒரே சமயத்தில் பறப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களின் கூட்டம், காவி உடையும் சிலுவையுமாக இரவெல்லாம் ரோட்டோரம் நகரும். தை, மாசியில் சம்பா அறுவடை வந்தால் நெல் காய்வது ரோட்டில், வைக்கோல் கிடப்பது ரோட்டில், பின்விளக்கு இல்லாத டிரெய்லர் நிற்பதும் ரோட்டில். உட்சாலைகளுக்கு ஒரு பக்கம் வயல், மறுபக்கம் வாய்க்கால், நடுவில் தடுப்பு என்று ஒன்றும் கிடையாது.

ஒரு விபத்தைக் கற்பனை செய்துகொள்வோம். எந்த ஊரையும் எந்த நிலையத்தையும் குறிக்காத, ஆனால் டெல்டாவில் எங்கும் நடக்கக்கூடிய ஒன்று. மாசி மாதம், இரவு எட்டரை மணி. முப்பத்தெட்டு வயது விவசாயத் தொழிலாளி, டி.வி.எஸ். 50-இல் வீடு திரும்புகிறார். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லர் ஒன்று, டயர் பஞ்சராகி ரோட்டில் பாதியை அடைத்து நிற்கிறது. பின்விளக்கு இல்லை, ஒளிரும் பட்டை இல்லை. டிரைவர் டயர் எடுத்துவரப் போயிருக்கிறார். எதிரே வந்த பஸ்சின் ஹெட்லைட் கண்ணைக் கூச, டி.வி.எஸ். 50 டிரெய்லரின் பின்மூலையில் மோதுகிறது.

108 வருகிறது. முதலில் மன்னார்குடி அரசு மருத்துவமனை, அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி. இந்த வழக்கின் முதல் காகிதம் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறது, ஸ்டேஷனில் இல்லை. கோர்ட்டுகளில் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வார்களே, அந்த விபத்துப் பதிவேட்டில் டியூட்டி டாக்டர் இரண்டு வரி எழுதுவார். கொண்டுவந்தவர் சொன்னதை வைத்து, ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது எழுதும் இரண்டு வரி. கொண்டுவந்தவர் ‘வண்டியிலேர்ந்து விழுந்துட்டாருங்க’ என்று சொல்லியிருந்தால், தானாக விழுந்தார் என்றே பதிவாகும். நான்கு வருஷம் கழித்துத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் வக்கீல் எடுத்துக் காட்டப்போவது அந்த வரியைத்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகிறது. அடிபட்டவருக்கு நினைவில்லை. ஆகவே மச்சானைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரைட்டர் கேட்கிறார்.

‘நீ நேர்ல பாத்தியாப்பா?’

‘இல்லைங்க சார். போன் வந்துச்சு, ஓடியாந்தேன்.’

‘டிராக்டர்க்காரன் யாருன்னு தெரியுமா?’

‘தெரியுங்க. ஆனா அவன் அங்க இல்லையாம் சார். வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சுங்கறாங்க.’

இந்த இடத்தில் ரைட்டரின் பேனா ஒரு கணம் நிற்கும். நின்ற வண்டியை ‘அதிவேகமாக ஓட்டி வந்து’ என்று எழுத முடியாது. அவர் முன்னால் இருப்பது இரண்டு வழி. பின்னால் வந்து மோதியவன்மேல்தான் தப்பு என்ற வழக்கப்படி, படுக்கையில் கிடப்பவர்மேலேயே வழக்குப் போடலாம். அல்லது விளக்கில்லாமல் ரோட்டை மறித்து நிறுத்திய டிராக்டர் டிரைவர்மேல் போடலாம். சட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. எதை எழுதுகிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது வருஷம் அடங்கியிருக்கிறது. எவ்வளவு என்பதைப் பின்னால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024 ஜூலை 1 முதல் குற்றச் சட்டத்தின் பிரிவு எண்கள் மாறிவிட்டன. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுவதற்கான பழைய 279 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281. காயம் ஏற்படுத்தும் 337-ம் 338-ம் 125-க்குள் போய்விட்டன. அஜாக்கிரதையால் சாவு ஏற்படுத்துவதற்காக 1870-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் நுழைக்கப்பட்ட 304-ஏ, 106(1) ஆகியிருக்கிறது. இரண்டு வருஷமாக இருந்த அதிகபட்சத் தண்டனை ஐந்து வருஷம் ஆனது. இடித்துவிட்டுப் போலீசுக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ சொல்லாமல் ஓடுபவருக்குப் பத்து வருஷம் என்ற 106(2)-ஐ எதிர்த்து 2024 ஜனவரியில் வடநாட்டில் லாரி டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் கூட்டம் முண்டியது. அந்த உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டுத்தான் மத்திய அரசு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, அடிபட்டவரை டிரைவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஜனக்கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர என்று தானே ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. இடித்த இடத்தில் நின்றால் உதை விழும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

விடியற்காலையில் தஞ்சாவூரில் உயிர் போகிறது. ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட்டிலிருந்து இறப்புத் தகவல் ஸ்டேஷனுக்கு வருகிறது. 125 என்று போட்ட வழக்கை 106(1) என்று மாற்றி, ‘ஆல்டரேஷன் ரிப்போர்ட்’ ஒன்றை கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். பிறகு அதிகாரி ஒருவர் ஒரு போலீஸ்காரருடன் தஞ்சாவூர் போய் பிரேத விசாரணை நடத்த வேண்டும். குற்ற நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு கேட்பது இது: அக்கம்பக்கத்து மரியாதைப்பட்ட இரண்டு பேராவது பஞ்சாயத்தாராக இருந்து, உடம்பிலுள்ள காயங்களைப் பார்த்து, சாவுக்கு மேலோட்டமாகத் தெரியும் காரணத்தை எழுதிக் கையெழுத்திடுவது; அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் அனுப்புவது. நடைமுறையில் பஞ்சாயத்தார் என்பவர்கள் மார்ச்சுவரி வாசலில் வேப்ப மரத்தடியில் நிற்கும் சித்தப்பாவும் பெரியப்பா மகனும்தான். உடம்பு எப்போது கையில் கிடைக்கும், ஊருக்குக் கொண்டுபோக வண்டி யார் பேசியிருக்கிறார்கள் என்பதில்தான் அவர்கள் மனம் இருக்கும். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அறிக்கையின் கடைசியில் பஞ்சாயத்தாரின் ஏகோபித்த அபிப்பிராயம் என்று ஒரு பத்தி உண்டு. அதில் எஃப்.ஐ.ஆர். வாக்கியம் சொல் மாறாமல் திரும்ப வரும்.

சம்பவ இடத்துக்கு வருவோம். அது நெடுஞ்சாலை, மாற்றுப் பாதை கிடையாது. அரை மணிக்குமேல் மறித்து வைக்க முடியாது. டிராக்டரை ஓரம் கட்டுவார்கள், டி.வி.எஸ். 50-ஐத் தூக்கி மினி லாரியில் போடுவார்கள், ரத்தத்தின்மேல் யாராவது ஒரு கூடை மண்ணைக் கொட்டுவார்கள். எந்த வண்டி எந்த வாக்கில், ரோட்டின் ஓரத்திலிருந்து எத்தனை அடியில் கிடந்தது என்பதெல்லாம் அந்த ஒரு கூடை மண்ணோடு போய்விடும். மறுநாள் காலை அதிகாரி வந்து ‘பார்வை மகஜர்’ எழுதுவார், ‘மாதிரி வரைபடம்’ போடுவார். வெள்ளைத் தாளில் இரண்டு கோடு ரோடு, மேலே வடக்கைக் காட்டும் அம்பு, நடுவில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் புளிய மரம். அளவு விகிதம் இருக்காது. மகஜருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் பிடிப்பது தனிப் பாடு. கையெழுத்துப் போட்டவனை எட்டு வருஷம் கழித்துச் சம்மன் தேடிவரும் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும். உதவிக்கு வருகிறவரைக் கட்டாயப்படுத்தி விசாரணைக்கு இழுக்கக்கூடாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134-ஏ என்று அது சட்டமும் ஆனது. டீக்கடைக்கு அந்தச் சேதி இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

வரைபடத்தை இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. வேகம் என்பது அபிப்பிராயம் இல்லை, அளந்து அறியக்கூடியது. பிரேக் போட்டதும் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் 20 மீட்டர் நீளம் என்றும், தடம் முடியும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தார்ச்சாலைக்கு உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7. பள்ளிக்கூட இயற்பியல் சூத்திரத்தில் போட்டால் வண்டி வந்த வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். தடத்துக்குப் பிறகும் மோதியிருந்தால் அதைவிடக் கூடுதல். டேப்பும் சாக்பீசும் செல்போன் கேமராவும் இருந்தால் போதும். அதே ரோட்டில் வைக்கோல் பரவிக் கிடந்தால் உராய்வு குறையும், வண்டி நிற்கும் தூரம் நீளும், தடமும் தெளிவாக விழாது. அப்போது வேகத்தைவிட வைக்கோல்தான் பெரிய காரணம் என்று கணக்கே சொல்லிவிடும். ஆனால் நான் பார்த்த மாதிரி வரைபடங்களில் தடத்தின் நீளம் எழுதியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வைக்கோல் கிடந்ததாக எழுதியது ஒன்றுகூட இல்லை. வேலைச்சுமையைப் பார்க்காமல் இதைக் குற்றமாகச் சொல்லவும் மனம் வரவில்லை. திருவிழா பந்தோபஸ்து, மறியல், மணல் வண்டி, குடும்பச் சண்டை எல்லாவற்றுக்கும் நடுவில் அதே நான்கு பேர்தான் இதையும் செய்கிறார்கள். விபத்து விசாரணைக்கென்று தனியாகப் படித்த ஆள் ஊரக நிலையத்தில் யார் இருக்கிறார்?

அடுத்து வருபவர், ஊர் வழக்கில், பிரேக் இன்ஸ்பெக்டர். மோட்டார் வாகன ஆய்வாளர் என்ற அரசாங்கப் பெயரைவிட அவருடைய வேலையை இந்தப் பெயர் துல்லியமாகச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-ஆம் பிரிவின் கீழ் அவர் வண்டியைப் பார்க்க வேண்டும். ஸ்டேஷன் வாசலில், நசுங்கிக் கிடக்கும் வண்டியில் பிரேக்கை ஓட்டிப் பார்ப்பது முடியாத காரியம். பெடலை அமுக்கிப் பார்க்கலாம், டயர் தேய்மானத்தைப் பார்க்கலாம். அறிக்கையின் கடைசி வரி அநேகமாக எல்லா வழக்கிலும் ஒன்றுதான்: வாகனத்தில் எந்த இயந்திரக் கோளாறினாலும் இவ்விபத்து ஏற்படவில்லை. அந்த வரி வந்துவிட்டால் மிச்சம் இருப்பது மனிதக் கோளாறு மட்டும். நம் டிரெய்லரில் விளக்கே கிடையாதே, அது இயந்திரக் கோளாறா இல்லையா என்றால், இல்லாத பொருள் எப்படிக் கோளாறாகும் என்று படிவம் கைவிரிக்கும்.

கோர்ட்டுகள் எஃப்.ஐ.ஆரின் ‘அதிவேக’ வாக்கியத்தின்மேல் ஒருபோதும் பெரிய மரியாதை வைத்ததில்லை. 1998-இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. ஆட்களை ஏற்றிப்போன லாரி கவிழ்ந்து பலர் இறந்த வழக்கு. ‘அதிவேகம்’ என்று சாட்சிகள் சொன்னார்கள். எந்த அளவை வைத்து அதிவேகம் என்று யாரும் சொல்லவில்லை. வேகமாக ஓட்டினார் என்பதே அஜாக்கிரதைக்கு நிரூபணம் ஆகாது என்று டிரைவரின் விடுதலையை நீதிமன்றம் உறுதி செய்தது. கால் நூற்றாண்டு தாண்டியும் எஃப்.ஐ.ஆர். அந்தச் சொல்லை விடவில்லை.

இழப்பீட்டுப் பக்கம் கதை வேறு. தமிழ்நாட்டிலிருந்து போன என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கில் 1980-இல் தீர்ப்பெழுதியவர் வி.ஆர். கிருஷ்ணய்யர். தொங்கிக்கொண்டிருந்த உயரழுத்த மின்கம்பியில் பஸ் உரசி எட்டுப் பேர் இறந்தார்கள். கிரிமினல் கோர்ட் டிரைவரை விடுவித்துவிட்டது. அதனால் இழப்பீடு கிடையாது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. சிறைக்கு அனுப்பத் தேவையான நிரூபணம் வேறு, விதவைக்குப் பணம் கொடுக்கத் தேவையான நிரூபணம் வேறு என்ற கோட்டை அழுத்திப் போட்டார். அன்றிலிருந்து வழக்கு இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது. ஒன்றில் டிரைவர் பெரும்பாலும் தப்பித்துக்கொள்வார், இன்னொன்றில் குடும்பத்துக்குப் பணம் வரும். இரண்டு தண்டவாளத்துக்கும் அடியில் கிடக்கும் கட்டை, அதே எஃப்.ஐ.ஆர். வாக்கியம்.

இப்போது கணக்கு. இறந்தவருக்கு மாத வருமானம் 12,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதாக வைப்போம். 2017-ஆம் வருஷத்து பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, நாற்பது வயதுக்குக் குறைந்த சொந்தத் தொழில்காரருக்கு வருங்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்டினால் 16,800. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று நான்கு பேர் நம்பியிருந்ததால், அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 12,600. பன்னிரண்டு மாதத்துக்கு 1,51,200. 2009-ஆம் வருஷத்து சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணையில் 38 வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆக 22,68,000 ரூபாய். ஈமச் செலவு முதலிய சில்லறைத் தலைப்புகள் தனி.

டிராக்டர் டிரைவர்மேல் வழக்கு இருந்தால் பேச்சு இந்த எண்ணிலிருந்து தொடங்கும். தப்பு இருவர்மேலும் என்று தீர்ப்பாயம் பங்கு போட்டால் பாதியாகலாம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலை நடுவே எச்சரிக்கை அடையாளம் எதுவும் இல்லாமல் விடப்பட்ட லாரியில் கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர்மேல் பங்குத் தப்பைச் சுமத்தியது சரியில்லை என்று சொன்னதால் அந்தப் பாதியையும் மீட்க வாய்ப்பு உண்டு. யார் தப்பு என்ற கேள்வியே வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவில் போனால் 5 லட்சம், அத்தோடு முடிந்தது. வண்டி எதுவென்றே தெரியாமல் ஓடிப்போயிருந்தால் 161-இல் 2 லட்சம். எஃப்.ஐ.ஆர். இறந்தவர்மேலேயே போடப்பட்டிருந்தால், தன் தப்பால் தான் இறந்ததற்கு வாரிசுகள் 166-இல் கேட்க முடியாது. வண்டி அவர் பெயரில் இருந்து, லைசென்சும் நடப்பு இன்சூரன்சும் இருந்தால் மட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம். டி.வி.எஸ். 50-க்கு யார் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுகிறார்கள்? அப்போது இந்த இரண்டு வழியிலும் பூஜ்யம். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஒரு நோட்டீஸ் மட்டும், அந்த அம்மாள் கைக்கு வரும்.

அதே இருட்டு, அதே டிரெய்லர், அதே உடம்பு. 22 லட்சத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நிற்பது ரைட்டரின் பேனா. இதை உணர்ந்த பிறகு ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வாக்கியத்தைக் கிண்டல் செய்யும் துணிச்சல் எனக்குக் குறைந்துவிட்டது. அதை எழுதுபவர்களில் பலர் சோம்பலால் எழுதவில்லை; ஏழைக் குடும்பத்துக்கு வழி பண்ணும் கருணையால் எழுதுகிறார்கள். ‘பார்த்தேன்’ என்று எழுதிக்கொள்ளாவிட்டால் கேஸ் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். குடும்பத்துக்கு அந்த வாக்கியம் வேண்டும், போலீசுக்குப் பிரிவு எண் போட அது வேண்டும், வக்கீலுக்கு வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குக்கூட எதிர்த்து வாதாட ஒரு தலை வேண்டும். இத்தனை பேருக்கு வேண்டியதாக இருப்பதால்தான் அது சாகாமல் இருக்கிறது. அதனால் கெடுவது ஒன்றே ஒன்று: ஏன் இறந்தார் என்ற விவரம். அதற்கு வாரிசு இல்லை, வக்கீலும் இல்லை.

நியூசிலாந்து 1974-லேயே இந்த முடிச்சை வேறு பக்கமாக அவிழ்த்தது. அங்கே விபத்தில் அடிபட்டவருக்குத் தப்பு யாருடையது என்று பார்க்காமல் அரசு நிதியிலிருந்து பணம் போகிறது. பணத்துக்காகத் தப்பைத் தேட வேண்டியதில்லை என்றால், விசாரிப்பவர் காரணத்தைத் தேடலாம்.

நம் நாட்டிலும் படிவங்கள் மாறியிருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். விபத்துத் தகவலுக்கான பழைய 54-ஆம் எண் படிவம் ஒரே தாள். அதையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பாமல் விட்டவர்கள் உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், டெல்லி உயர் நீதிமன்றம் ராஜேஷ் தியாகி வழக்கில் பல வருஷம் முயன்று உருவாக்கிய முறையை நாடெங்கும் விரித்தன. 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. டிரைவர், உரிமையாளர், பாதிக்கப்பட்டவர் ஆளுக்கொரு படிவம். சம்பவ இட வரைபடத்துக்குத் தனிப் படிவம், இயந்திர ஆய்வுக்குத் தனிப் படிவம். தீர்ப்பாயம் அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம், இதற்கென்று காவல் நிலையங்களில் தனிப் பிரிவே அமைக்கச் சொன்னது. 2024 ஜனவரியில் ஒரு பொதுநல வழக்கில், இடித்த வண்டி ஒரு மாதத்தில் கண்டுபிடிக்கப்படாவிட்டால், 2 லட்ச ரூபாய்த் திட்டம் இருப்பதைப் போலீஸ் குடும்பத்துக்கு எழுத்திலேயே தெரிவிக்க வேண்டும் என்றது. அந்தப் பொதுநல வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், 2012-இல் தொடங்கிய வழக்கு. முறிந்து வந்த எலும்புகளை ஒட்டிக்கொண்டே இருந்த ஒருவருக்கு, முறிப்பது எது என்ற கேள்வி வந்ததில் வியப்பில்லை.

தமிழ்நாட்டுக்குக் கணினிப் பதிவு புதிதில்லை. உலக வங்கி உதவியோடு வந்த மாநில விபத்துத் தரவுத்தளம் பதினைந்து வருஷத்துக்கு முன்பே ஸ்டேஷன்களில் இருந்தது. 2021-இல் தொடங்கிய ஐராட் என்ற தேசியத் தரவுத்தளத்தை தேசியத் தகவல் மையமான என்.ஐ.சி.யோடு சேர்ந்து உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி.; முதலில் சோதித்துப் பார்த்த ஆறு மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. போலீஸ்காரர் சம்பவ இடத்தில் நின்று செல்போனில் பதிந்தால் இடத்தின் துல்லியக் குறியீடு தானே ஏறும். நெடுஞ்சாலைப் பொறியாளருக்கு அறிவிப்புப் போகும். அவரும் வந்து ரோட்டைப் பார்த்துத் தன் பங்கை நிரப்ப வேண்டும். ‘பெட்ரோல் பங்க் அருகே’ என்று எழுதிய காலத்தைவிட இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் செல்போனில் உள்ள பெட்டிகளைத் தட்டும் விரல், எஃப்.ஐ.ஆர். எழுதிய அதே கைக்குச் சொந்தமானது.

அந்த விரல் எங்கே கொண்டுவிடுகிறது என்று பாருங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் இறந்தார்கள், அதில் 71.2 சதவீதம் அதிவேகத்தால். 2023-இல் இறந்தவர்கள் 1,72,890; தமிழ்நாட்டில் மட்டும் 18,347. அதிவேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இந்த 71.2 வேகத்தை அளந்து வந்த எண்ணா, அல்லது ‘அதிவேகமாகவும்’ என்ற சொல் எத்தனை எஃப்.ஐ.ஆரில் இருந்தது என்று எண்ணி வந்ததா? டெல்லி ஐ.ஐ.டி.யில் இருந்த தினேஷ் மோகன், போலீஸ் பதிவில் காணும் ‘காரணம்’ என்ற பத்தியை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இறப்பு எண்ணிக்கையிலேயே இடைவெளி இருக்கிறது: 2021-க்கு அரசு சொன்னது 1,53,972, உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 2.16 லட்சத்துக்கு மேல்.

தரவை நம்பி வரும் திருத்தமும் டெல்டாவுக்குச் சரிவரப் பொருந்தவில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த ஐந்து விபத்து, அல்லது பத்து இறப்பு இருந்தால் அது ‘கரும்புள்ளி’. அங்கே பணம் ஒதுக்கிச் சரிசெய்வார்கள். வாய்க்கால் கரை ரோட்டில் இந்த மாதம் இந்த வளைவில் ஒருவர், அடுத்த வருஷம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் என்று சாவு சிதறித்தான் விழுகிறது. 2024 ஜூலையில் தஞ்சாவூர் மாவட்டம் வளம்பக்குடியில் சமயபுரத்துக்கு நடந்து போனவர்கள்மேல் சரக்கு வாகனம் ஏறி 5 பேர் இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஐந்து கிராமத்தில் ஐந்து இரவில் ஒவ்வொருவராகப் போனால் யார் பார்க்கிறார்கள்?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். அந்தத் தண்டவாளத்தில் பயணிகள் ரயில் கவிழ்ந்து உயிர் போனால், விசாரிக்க ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வருவார். அவர் ரயில்வேக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். ரயிலை ஓட்டுகிற துறையே ரயில் விபத்தை விசாரிக்கக்கூடாது என்று 1941-இலேயே பிரித்துவிட்டார்கள். 1956 நவம்பரில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வெள்ளம் எப்படி வந்தது, பாலத்தின் கரை எப்படி அரித்தது என்றெல்லாம் ஆராய்ந்தார்கள்; அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். என்ஜின் டிரைவர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்தார் என்று ஒரு வரியில் முடிக்கவில்லை. தண்டவாளத்துக்குக் குறுக்கே போகும் தார்ச்சாலையில் ஒருவர் இறந்தால் மட்டும், சாலையும் வெளிச்சமும் வளைவும் விசாரணைக்கே வருவதில்லை. சுவீடனில் 1997 முதல், சாலையில் நேரும் ஒவ்வொரு சாவையும் போலீஸ் விசாரணைக்கு வெளியே சாலைத்துறையின் ஆட்கள் தனியாக ஆராய்கிறார்கள். அவர்கள் தேடுவது அடுத்த சாவைத் தடுக்க எதை மாற்றலாம் என்பதை.

நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சாலையைக் கூண்டில் ஏற்ற ஒரு பிரிவு இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 198-ஏ: பாதுகாப்புத் தரத்தின்படி சாலையை வடிவமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டு அதனால் சாவு நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். ரோட்டை மறித்துத் தடை ஏற்படுத்துகிறவர்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 285 இருக்கிறது; பழைய 283-இல் அபராதம் 200 ரூபாயாக இருந்தது, இப்போது 5,000 வரை. 198-ஏ-யை எழுதினால் நெடுஞ்சாலைத் துறையோடு மோத வேண்டும். 285-ஐ எழுதினால், வைக்கோல் போட்ட விவசாயியையும், களம் இல்லாமல் ரோட்டில் நெல்லைக் கொட்டிக் கொள்முதலுக்குக் காத்திருப்பவரையும் குற்றவாளியாக்க வேண்டும். இரண்டுக்கும் எந்த எஸ்.ஐ.யும் துணியமாட்டார்; இரண்டாவதற்குத் துணியாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஆனால் அவருக்குக் காரணம் தெரியாது என்று நினைத்துவிடக்கூடாது. தை பிறந்து அறுவடை சூடுபிடித்ததும் பாருங்கள், ஊருக்கு ஊர் போலீஸ்காரர்கள் ரோட்டில் நின்று, போகிற வருகிற டிராக்டரை எல்லாம் ஓரம் கட்டச் சொல்வார்கள். அபராதம் போட இல்லை. கான்ஸ்டபிள் ஒருவர் டிரெய்லரின் பின்பலகையில் அப்பியிருக்கும் சேற்றைத் துணியால் துடைப்பார். இன்னொருவர் சிவப்பு ஒளிரும் ஸ்டிக்கரின் பின்தாளைப் பல்லால் கடித்து உரித்து, இரண்டு மூலையிலும் ஒட்டி உள்ளங்கையால் அழுத்துவார். ‘ராத்திரியில ரோட்ல நிறுத்தாதீங்கண்ணே, பின்னாடி வர்றவனுக்குத் தெரியாது’ என்று சொல்லி அனுப்புவார். போன மாசியில் அந்த இடத்தில் மோதிச் செத்தவரின் கட்டு, ஸ்டேஷன் அலமாரியில் இருக்கும். அதில் விளக்கைப் பற்றியோ ஸ்டிக்கரைப் பற்றியோ ஒரு வரியும் இருக்காது.